வாளியில் நனைந்த கொடி

என் தம்பி பட்டாளத்தில் இருந்தான். எனக்குத் தில்லை நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தேசியக் கொடி என்றால் சின்ன வயதில் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும் நாள், அவ்வளவுதான். சட்டையில் குத்திவிட்ட கொடியை ஸ்கூலிலிருந்து வருவதற்குள் எங்கேயாவது தொலைத்துவிடுவேன். தம்பி அவனுடையதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கண்ணாடி ஓரத்தில் செருகுவான். அது தேசபக்தி என்று இப்போது கதை கட்ட மாட்டேன். அவன் எதையும் தொலைக்காத பிள்ளை.

மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து அவன் போய்விட்டான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குப் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மேலே போர்த்தியிருந்த கொடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா கிடந்தாள். அவளுக்குத் தொடக் கிடைத்தது அந்தத் துணி மட்டும்தான்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை. அப்பா முன்பே போய்விட்டார், தம்பிக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே கொள்ளிடக் கரையில் எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். தீ மூட்டுவதற்கு முன்னால் அவனோடு பட்டாளத்தில் இருந்த பையன்கள் கொடியை எடுத்து மடித்தார்கள். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போயின. கடைசியில் சக்கரம் மட்டும் மேலே நின்றது. அவர்களில் ஒருவன் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வந்து என் கையில் வைத்தான்.

"அம்மாகிட்ட குடுத்துடுங்கண்ணே."

அந்த ஒரு வேலையைத்தான் நான் உருப்படியாகச் செய்யவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றி, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். வாசலில் வாளிகள் தயாராக இருந்தன. சாவு வீட்டில் அதிகாரம் செய்ய ஆளுக்கா பஞ்சம்? அத்தை என் கையைப் பார்த்தாள்.

"அதுவும் அங்கேர்ந்து வந்த துணிதானப்பா? நனைச்சிட்டு உள்ள எடுத்துட்டு வா."

யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன் நான். என் வேட்டியோடு அதையும் வாளியில் முக்கினேன்.

அம்மா நிலைப்படிக்கு வந்து, "கொடி எங்கடா?" என்றாள். நான் சொல்வதற்குள் அவளே வாளியைப் பார்த்துவிட்டாள்.

"என் புள்ளைய மூடிட்டு வந்த துணிடா அது. அதுக்கு என்னடா தீட்டு?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குனிந்து அதை எடுத்தாள். பிழியாமல் மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். நுனி தரையில் படக் கூடாது என்று கையில் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள். சாயங்காலம் இருவரும் மடிக்கப் பார்த்தோம்.

"அவங்க எப்படி மடிச்சாங்க?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் புடவையை மடிப்பதுபோல் மடித்து பீரோவில் வைத்தாள். அவளைச் சுடுகாட்டுக்கு வரவும் விடவில்லை, வந்ததை அப்படியே அவள் கையில் கொடுக்கவும் இல்லை. அந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் வந்தால் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு கொடி கட்டுகிறார்கள். அம்மாவும் ஒன்று வாங்கிக் கட்டுவாள், மழை தூறினால் ஓடிப்போய் அவிழ்ப்பாள். பீரோவில் இருப்பதை மட்டும் வெளியே எடுக்க மாட்டாள். மற்ற வீடுகளில் கட்டிய கொடி வெளுத்து, கிழிந்து, தீபாவளி வரைக்கும் தொங்கும். எனக்குக் கோபம் வரும். ஆனால் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

போன வருஷம் லீவில் ஊருக்கு வந்த ஒருவன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். அன்று என் கையில் கொடியை வைத்தவன். காபி குடித்துவிட்டு, "கொடி இருக்குங்களாம்மா?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எடுத்து வந்தேன்.

"நான் தண்ணியில நனைச்சிட்டேன் தம்பி. நீங்க மடிச்ச மடிப்பு கலைஞ்சுபோச்சு" என்றேன்.

அவன் கொல்லைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"அந்தப் பக்கம் பிடிங்கண்ணே. நல்லா இழுத்துப் பிடிங்க."

கூடத்தில் இருவரும் எதிரெதிரே நின்று மடித்தோம். காவி அடியில் போனது, பச்சை அடியில் போனது, சக்கரம் மேலே வந்தது. அவன் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினான். நான் அன்றுபோலவே கையை நீட்டினேன்.

அவன் என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் முன்னால் நின்றான்.

"இரு தம்பி" என்று அம்மா இரண்டு கைகளையும் முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நீட்டினாள்.