சுகந்தி அக்காவின் நாலு நிமிட வீடியோ

ஹெட்செட்டின் கறுப்புப் பஞ்சு உதிர்ந்து காதுமடலில் ஒட்டும். அதைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் நாள் முழுக்க அந்தக் கடையில் இருப்பேன்...

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட ஒரு நெட் கஃபே. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை அங்கே வேலைக்கு நின்றேன். முதலாளி காலையில் கடையைத் திறந்து தந்துவிட்டுப் போனால் பின்னேரம்தான் வருவார்.

அப்போது எல்லாரிடமும் மலிவான எம்பிஃபோர் பிளேயர் இருந்தது. திரை ஒரு தபால் முத்திரை அளவுதான். பெயர்தான் எம்பிஃபோர்... எம்பிஃபோர் ஃபைலைப் போட்டால் ஓடாது. ஏஎம்வி என்று ஒரு தனி வகை உண்டு, அதற்கு மாற்றிப் போட்டால்தான் படம் தெரியும். மாற்றுவதற்கென்று பெட்டியோடு வரும் சின்ன சிடி பாதிப் பேருக்கு வேலை செய்யாது. அதனால் எங்களிடம் கொண்டு வருவார்கள். போனுக்கு என்றால் 3ஜிபி என்ற இன்னொரு வகைக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றுகிற வேலை தெரிந்ததால் எனக்கு அந்த வயதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சுகந்தி அக்கா உடுப்பிட்டியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அங்கே ஒரு முன்பள்ளியில் ரீச்சர். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு சிவப்பு பிளேயர்.

"தம்பி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலை வேலைக்குப் போட்டிருக்கிறன். இன்டர்வியூ இங்கிலீசிலையாம். கண்ணாடிக்கு முன்னாலை கதைச்சுப் பார்த்தால் எங்கை பிழை விடுறன் எண்டு தெரியேல்லை. உங்கடை கமராவிலை எடுத்து இதுக்குள்ளை போட்டுத் தருவீங்களே?"

மூலைக் கபினில் வெப்கேமைப் பூட்டிக் கொடுத்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மெல்லிய குரலில் கதைப்பது கேட்டது. நாலு நிமிடம். ஏஎம்வி ஆக்கிப் பிளேயரில் போட்டேன்.

போகும்போது கேட்டார். "கம்பியூட்டரிலை இருக்கிறதை அழிச்சுப்போடுவீங்கள் தானே?"

"ஓம் அக்கா."

அழிக்கவில்லை...

பின்னேரம் என்னோடு படித்த இரண்டு பேர் வந்தார்கள். சிரிக்கலாம் என்று போட்டுக் காட்டினேன். "ஐ ஆம் வெரி லைக் த சில்ட்ரன்" என்று சொல்லிவிட்டு, பிழை என்று தெரிந்து நாக்கைக் கடித்து, தனக்குள் சிரித்து, திரும்பவும் அதையே அதே பிழையோடு சொல்வார். அந்த இடத்தை மூன்று தரம் பார்த்தோம். என்னுடைய இங்கிலீஷ் மட்டும் என்ன பெரிய இங்கிலீஷ்? அவர் கதைத்ததில் பாதியாவது எனக்கு வராது.

"மச்சான், எனக்கும் அனுப்படா" என்றான் ஒருவன்.

அந்த ஃபைல் போனில் ஓடாது. அப்படியே விட்டிருக்கலாம். நான் உட்கார்ந்து, அளவைக் குறைத்து, 3ஜிபி ஆக்கி, புளூடூத்தில் அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து அக்கா வந்தார். கதிரையில் இருக்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பஸ்ஸிலை பின்சீற்றிலை இருந்த பெடியள் என்ரை குரலைப் போட்டுச் சிரிக்கினம். திரும்பிப் பார்த்தன். என்ரை முகம் அவங்கடை போனிலை... இதுக்குள்ளை இருந்தது எப்பிடி வெளியிலை போனது?"

ஏசவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். என்னிலே அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் சொன்னேன், "வைரஸா இருக்கும் அக்கா. வேறை கம்பியூட்டர் எதிலையும் கொழுவினீங்களே?"

யோசித்தார். "ஓம்... அண்ணை வீட்டிலை ஒருக்கால் சார்ஜுக்குக் கொழுவினனான்."

"அப்ப அதாலை தான்."

"அப்ப என்ரை பிழை தான்" என்றார்.

பிளேயரை நீட்டி, எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொன்னார். அழித்தேன். அதற்குள் அவர் வீட்டில் பதிந்த குரல் பயிற்சிகளும் இருந்தன, நாள் நாளாக, இருபதுக்கு மேல். இன்டர்வியூ எப்போது என்று கேட்டேன். "அது நேற்று. நான் போகேல்லை தம்பி. அங்கை இருக்கிறவையும் உந்த வீடியோவைப் பார்த்திருந்தால், எந்த முகத்தோடை போய் இருக்கிறது?"

"தாங்க்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போன மாதம் திருநெல்வேலிச் சந்தையில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர் அடையாளம் பிடித்துவிட்டார். இன்னமும் அதே முன்பள்ளிதானாம். பக்கத்தில் கத்தரிக்காய்ப் பையோடு நின்ற கணவரிடம் சொன்னார்: "உங்களுக்குச் சொன்னனான் எல்லோ, என்ரை வீடியோ வெளியிலை போன நேரம் ஒரு தம்பி எல்லாத்தையும் துப்புரவாக்கித் தந்தவர் எண்டு. அது இவர் தான்."

அந்த மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

இப்போது ஃபோர்மற் எல்லாம் ஒரு கதையே இல்லை. எந்த வீடியோவும் எந்தப் போனிலும் ஓடும். விரல் தவறிப் பட்டாலே நூறு பேருக்குப் போய்விடும், போன பிறகு யார் அனுப்பியது என்று தேடவும் ஏலாது. அந்தக் காலம் அப்படியில்லை. ஒருவரின் முகம் ஒரு சின்னப் பிளேயரை விட்டு வெளியே போக வேண்டும் என்றால், யாராவது ஒருவன் உட்கார்ந்து மினக்கெட்டு மாற்ற வேண்டும். பத்து நிமிடம் எடுக்கும்... யோசிக்க அது போதுமான நேரம்.

அந்த வீடியோ உங்களில் சிலரின் போனுக்கும் வந்திருக்கும். அனுப்பத் தொடங்கியது நான்தான்.

இதை அக்காவிடம் சொல்வதற்கு முன்னம் உங்களிடம் சொல்கிறேன் என்பதும் எனக்கு விளங்குகிறது. அவர்கள் கூப்பிட்ட பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இன்னும் உடுப்பிட்டிப் பக்கம் போகவில்லை.