அத்தைக்கு வந்த வைரம்

பத்தாவதோடு நின்றவள் நான். எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எழுத உட்கார்ந்தது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஈஜிபுராவில் குடியிருந்தோம். அப்பா தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டார். துணி கொடுக்கும் வீட்டார் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகத்தை எனக்குத் தந்தார். வேதியியல் வளர்ந்த கதை அது. தங்கம் செய்யப் போய் மூத்திரத்தைக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் பொருளைக் கண்டுபிடித்தவன் அதில் இருந்தான். பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தவர்களும் இருந்தார்கள். வைரம் மிச்சமில்லாமல் மறைந்ததாம். கரியை எரித்தால் வரும் அதே வாயுதான் வந்ததாம்.

எழுந்துபோய் எங்கள் கரி மூட்டையைத் திறந்து பார்த்தேன். ஒரு துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் நகக்கண்ணில் இருப்பதும் ராணிகளின் கழுத்தில் இருப்பதும் ஒன்றுதானா! கோயில் கர்ப்பக்கிரகத்தில் நிற்பதுபோல் மூட்டை முன்னால் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் பூ வைக்க ஜீவனஹள்ளியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன்பு இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் வீடே பயந்து கிடந்தது. அத்தைக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டில் ஒரு மூக்குத்தியை வைத்து, "அசல் வைரம். எங்க மாமியார் எனக்குப் போட்டது" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"வைரமும் கரியும் ஒண்ணுதான். அசல் வைரம்னா எரிஞ்சிடும், சாம்பல்கூட மிஞ்சாது. அத்தை பொடவைக்கு இஸ்திரி போட்ட நெருப்பு பொட்டில இன்னும் இருக்கு. போட்டுப் பாக்கலாமா?"

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று மூக்குத்தியைக் கையில் எடுத்து மூடிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க இது, எங்க வைரத்தப் போயி கரின்னுது உங்க பொண்ணு?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"புக்கு படிச்சி பேஜார் பண்ணுதுங்க. மனசுல வச்சிக்காதீங்க சம்பந்தி" என்று அப்பா கும்பிட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அப்போதுதான் அத்தை எழுந்து வந்தாள். அந்த அம்மாளின் மூடிய கையை மெல்லப் பிரித்தாள். மூக்குத்தியை அங்கேயே போட்டுக்கொண்டாள்.

"கரியோ வைரமோ, எனக்குப் புடிச்சிருக்குது அத்தே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

என் புத்தகத்தை ஒருவராவது நம்பினாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வைரம் எரிந்துபோய்விடும் என்றுதான் அவர் பயந்தார் என்று நினைத்தேன். எரியாமல் அப்படியே கிடந்துவிடுமோ என்றும் ஒருவர் பயப்படலாம் என்பது எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது.

மறுநாள் மழை. துணி குறைவாகத்தான் வந்தது.