கனி பாயின் கேரண்டி

டிஸ்க் பெட்டியை வலது காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்கு. உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் டிஸ்க் தன் இடத்திலிருந்து கழன்றுவிட்டது, கீறல் விழுந்திருக்கும். சத்தம் வராவிட்டால் கனி பாயின் முகத்தில் திருப்தி. "ஜம்முனு உக்காந்துருக்கான்" என்று சொல்லித் தோல் சுருள்களுக்கு மேலிருக்கும் தட்டில் செருகுகிறார். துபாயிலிருந்து மச்சினன் முகம்மது ஹனீப் அனுப்பிய பார்சலில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று தவறாமல் எல்லாவற்றுக்கும் குலுக்கு உண்டு.

நாகூர் கனியின் சொந்த ஊர் கடையநல்லூர். தொழிலும் குடித்தனமும் தாராவியில். பர்ஸ், பெல்ட், ஆபீஸ் பை தைக்கும் சின்னத் தோல் பட்டறை அவருடையது. உள்ளே நுழைந்தால் தோல் வாடை, பசை வாடை, தையல் மிஷின்களின் இரைச்சல். ஒரு சுவர் மட்டும் வேறு உலகம். விண்வெளிக் கப்பல்கள், டிராகன்கள், துருப்பிடித்த ரோபோக்கள், மீசை வைத்த பூனைகள். அறிவியல் கற்பனை, மாயாஜாலம், அனிமேஷன் ஆகிய மூன்று வகைப் படங்களின் புது டிஸ்க்குகளை மட்டும் வரவழைத்து விற்கிறார்.

எல்லாம் போனில் வரும் காலத்தில் டிஸ்க்கை யார் வாங்குவார் என்று கேட்டுப் பாருங்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார். "போன்ல இன்னைக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துருவான். எங்கிட்ட வாங்குனா உங்க வீட்டு அலமாரில கெடக்கும். எவன் வந்து எடுப்பான்? பெறவு, ஒவ்வொரு எலையா ஒருத்தன் உக்காந்து வரஞ்சிருக்கான். அத உள்ளங்கை சைசுல பாக்குறது பாவம்வே."

வாங்க ஆள் இருக்கிறது. முலுண்டிலிருந்து ஹரி என்றொரு இளைஞர் வருவார். தகரப் பெட்டியில் வரும் பதிப்புகளாகத் தேடி வாங்குவார், மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடக் கிழிக்க மாட்டார். "படம் எப்படித் தம்பி?" என்று கனி கேட்டால், "இன்னும் பாக்கல பாய்" என்பார். கனிக்கு அது வேதனை. இருந்தாலும் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் போல ஹரியின் பெட்டிக்கும் வெட்டு மிச்சத் தோலில் ஓர் உறை தைத்துப் போட்டுத் தருவார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வரும். எழுதி அனுப்புவதில்லை. வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், நமஸ்தே. இந்த வாரம் வந்த சரக்கு" என்று ஆரம்பிப்பார். படங்களின் ஆங்கிலப் பெயர்களை அவர் மதிப்பதில்லை. தாமே பெயர் வைப்பார். கெழட்டு ரோபோ. தண்ணிக்குள்ள ஊரு. மூணாவது டிராகன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நன்றாகப் படித்தவர்கள்கூட அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கடைசி வார்த்தை ஒன்றுதான்: "பாத்துட்டேன். கேரண்டி." பார்க்காத டிஸ்க்கை அவர் விற்பதில்லை.

பார்க்கும் விதம்தான் விசேஷம். வெட்டு மேஜைக்கு மேலே சுவரில் டிவி. தோலின் மேல் அட்டை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே பார்ப்பார். சத்தம் சுத்தமாகக் கிடையாது. அவர் மனைவி பேகமும் மற்றவர்களும் ஓட்டும் மிஷின்களுக்கு நடுவில் வைத்தாலும் கேட்காது. ஆகவே ஒலியை மூடிவிட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை வாசித்துக்கொள்வார். வருஷக்கணக்கில் இப்படிப் பார்த்ததில் அதற்கொரு கொள்கையும் பிறந்துவிட்டது.

"சத்தத்த மூடிப் பாத்தாத்தான் படம் நெசமா போலியான்னு தெரியும். மியூசிக் போட்டு ஆள ஏமாத்திருவான்."

கொள்கை பலமுறை ஜெயித்திருக்கிறது. மூன்றாவது டிராகன் வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். கனி மட்டும், "டிராகன் நல்லாத்தான் பறக்கு. ஆனா தரையில நெழல் விழல. சத்தத்தக் கூட்டி மறச்சிருக்கான்" என்றார். வாங்கியவர்கள் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நிழல் இல்லை.

பேகம் மட்டும் மசியவில்லை. "உங்க ஊமைப் படம் முடிஞ்சுதுன்னா அந்தத் தோல் வார எடுத்துத் தாங்க" என்பார், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

கனியின் வாடிக்கையாளர்களில் மிக முக்கியமானவர் வானமாமலை. நாங்குநேரிக்காரர். அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது செம்பூரில் மகள் கீதாவோடு இருக்கிறார். விண்வெளிப் படம் என்றால் உயிர். கண் அழுத்த நோயில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. படம் ஓடும்போது கீதா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். வங்கி வேலை முடிந்து வந்த களைப்பில் அவள் சொல்லும் கதை, "ஒருத்தன் வாரான்ப்பா. அவ அழுதா. இப்ப சண்ட" என்று மூன்று வரியில் முடிந்துவிடும்.

சில வெளிநாட்டு டிஸ்க்குகளில் பார்வையற்றவர்களுக்கென்று தனி ஒலித்தடம் இருக்கும். வசனங்களுக்கு இடையில் ஒரு குரல், திரையில் நடப்பதை ஆங்கிலத்தில் விவரித்துக்கொண்டே வரும். கனி அப்படிப்பட்ட ஒன்றைத் தேடிக் கொடுத்தபோது வானமாமலை போன் செய்து, "கனி பாய், படம் பாத்தேன்வே!" என்றார். 'கேட்டேன்' என்று சொல்லவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் அந்தத் தடம் இருக்கிற படமாகத் தேடுவது கனியின் வேலையாயிற்று.

போன வெள்ளிக்கிழமை அவர் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தது. "சனி கெரகத்துக்குப் போற கப்பல் வந்தாச்சு. அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சொல்லுதேன். மூணாவது ட்ராக்குல விவரிச்சுச் சொல்லுற கொரல் இருக்கு. பாத்துட்டேன். கேரண்டி."

பார்த்தது உண்மைதான். அட்டையின் பின்பக்கம் பார்த்தார். மெனுவில் பார்த்தார். மூன்றாவது தடத்தைத் தேர்ந்தெடுத்து, திரையின் மூலையில் அதன் பெயர் வந்ததையும் பார்த்தார். அப்புறம் பெல்ட்டுக்குக் கோடு போடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கீதாவின் தோளைப் பிடித்தபடி வானமாமலை பட்டறைக்கு வந்தார். கையில் தோல் உறை போட்ட பெட்டி. மிஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனிக்கான பைகள், சாயங்காலம் டெம்போ வந்துவிடும். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"கனி பாய், படத்த முழுசாப் பாத்தீரா?"

"முழுசாப் பாத்தேன் அண்ணாச்சி. கடைசி எழுத்து ஓடுற வரைக்கும்."

"கப்பல்ல சாப்பாடு எப்படி?"

கனி யோசித்தார். "அதுல சாப்புடுற சீனே கெடையாதே."

"எனக்கு வந்துதே! ரெண்டு பேரு சேந்துக்கிட்டுப் படம் பூரா பேசுதானுவ. ஷூட்டிங்ல குடுத்த சாண்ட்விச் வாயில வைக்க முடியலங்கான் ஒருத்தன். மழ பெஞ்சு செட்டு நனஞ்சு போச்சுங்கான் இன்னொருத்தன். கப்பல் சனிக்குப் போச்சா, இந்தா பக்கத்துல இருக்குற சயானுக்குப் போச்சான்னே தெரியல."

மிஷினில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கீதாவும் சிரித்தாள். கனிக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்தவர்கள் அரட்டை அடிக்கும் தடம் அது. டிஸ்க் தயாரித்த இடத்தில் எவனோ இடம் மாற்றிப் பதித்துவிட்டான். பெயர் ஒன்று, குரல் வேறு. கண்ணால் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

"கம்பெனிக்காரன் தப்பு அண்ணாச்சி. அட்டையில, மெனுவுல எல்லாம் சரியாத்தான்..."

"இருக்கட்டும். கீதா இல்லாத நேரமாப் பாத்துப் போட்டேன், ஒத்தையிலயே பாத்துரலாம்னு." வானமாமலையின் குரல் இறங்கியிருந்தது. "பாதியில நிப்பாட்டவும் இல்ல. இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்." பெட்டியை மேஜை என்று நினைத்த இடத்தில் வைத்தார். அது விளிம்பில் நின்றது. "இனிமே எனக்குத் தேட வேண்டாம், என்னா? நீரு பாத்து என்னத்துக்கு? எனக்குக் கேக்கணும்லா?"

பேகத்தின் மிஷின் நின்றது. அவர் கேலி செய்யவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "காதுல வாங்காத சரக்குக்கு எப்படிங்க கேரண்டி குடுத்தீய?"

கனி பெட்டியை எடுத்தார். இந்த முறை காதருகே கொண்டுபோகவில்லை. டிஸ்க்கைப் போட்டு, ஒலியைக் கூட்டினார். ஒலி அளவைக் காட்டும் கோடு திரையின் கடைசிவரை போயிற்று. மற்ற மிஷின்களின் இரைச்சலில் ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கதவோரம் போய், மிஷின்களுக்கான மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"ஏங்க, டெம்போ வந்துரும்!"

"வரட்டும். வந்து நிக்கட்டும்."

சுவிட்சை இறக்கினார். ஊசிகள் பாதித் தையலில் நின்றன. வேலை நேரத்தில் அந்தப் பட்டறை அப்படி அமைதியானதை யாரும் கேட்டதில்லை. சந்தில் ஒரு கைவண்டி போகும் சத்தம் உள்ளே வந்தது. டிவியில் இரண்டு ஆண்கள் உரக்கச் சிரித்தார்கள்.

"இவன்தான்!" வானமாமலை விரலை நீட்டினார். "இவன்தான் சாண்ட்விச்சுக்காரன்!"

கனி நான்காவது தடத்துக்கு மாற்றினார். அரட்டைத் தடம் என்று மெனு சொன்ன இடம் அது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு நிதானமான ஒரு பெண் குரல் பேசியது. கப்பலின் ஜன்னலில் பனி படிந்திருக்கிறது என்றது. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைக்கிறது என்றது. திரையில் ஒரு கை துடைத்தது.

வானமாமலையின் தலை நிமிர்ந்தது. "கீதா, சும்மா இரு" என்றார். கீதா பேசவே இல்லை.

கனி நிமிர்ந்து நின்றார். வாய் தானாகத் திறந்தது. எல்லோருக்கும் தெரிந்த அந்த வார்த்தைதான் அடுத்து வர வேண்டும். பேகம்கூட எதிர்பார்த்தார். வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, வானமாமலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தார். படத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். தன் முக்காலியை எடுத்துவந்து டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டார். அதில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரிமோட்டைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டி அழுத்தினார்.