பெண் பார்க்க வந்த அன்று எரித்த அமிலம்

சின்னமனூரிலிருந்து தேனிக்கு, கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்த அந்த வருடங்களில், பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்குமா என்பதை அன்று நான் எரித்த பொருள்தான் முடிவு செய்தது. சின்ன எஃகுக் கலத்துக்குள் சில சொட்டு அமிலத்தையோ, அதிலிருந்து உண்டாகும் எஸ்டரையோ வைத்து, ஆக்சிஜனை அடைத்து எரித்து, சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளப்பது என் வேலை. எத்தில் பியூட்டிரேட் என்ற எஸ்டரைத் தொட்ட நாளில் பக்கத்து சீட்டு அக்கா, "அன்னாசிப்பழம் எங்கன வாங்குனே?" என்பார். அதற்குத் தாயான பியூட்டிரிக் அமிலத்தைத் தொட்டாலோ காறிப்போன வெண்ணெய் நாற்றம். மூன்று பேர் சீட்டில் நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வருவேன்.

அமிலங்கள் முடிந்து, எஸ்டர்கள் நான்கு பாக்கியிருந்தபோது, சுருளிப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. "பிடிச்சுப்போச்சுன்னா ஆவணியிலயே முடிச்சுருவோம். எரிச்சதெல்லாம் போதும்" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருட வேலையை அரைகுறையாக விட்டுப் போக நான் தயாராக இல்லை.

அன்று காலை, சரிபார்க்கிறேன் என்று சொல்லி பியூட்டிரிக் அமிலத்தையே மறுபடி எரித்தேன். குப்பியின் வாயைத் துடைத்த கைக்குட்டையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டுச்சேலை கட்டியதும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காபித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அத்தை மூக்கைப் பொத்தினார். அம்மா ஊதுபத்தியைக் கொத்தாக ஏற்றினார். அப்பா செத்த எலியைத் தேடி சோபாவுக்கு அடியில் குனிந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்து என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். என் இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி முகர்ந்தார்.

"காறிப்போன வெண்ணெ. எங்க வீட்டுல நாலு எருமை நிக்கிது ஆத்தா, இது எனக்குத் தெரியாதா? எதுக்கு இந்த வேலை?"

வசமாக மாட்டிக்கொண்டேன். நான்கு எஸ்டர்கள் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்னையப் பாக்க வந்தாகள்ல, நான் தலை நிறைய வேப்பெண்ணெயத் தேச்சுக்கிட்டு நின்னேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அன்னைக்குன்னு பாத்து சளி. ஒண்ணும் வேலைக்கு ஆகல. சரி, உனக்கு எத்தன மாசம் வேணும்?"

"ஆறு மாசம்."

கைக்குட்டையை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுக் கூடத்துக்குப் போனார். "பொண்ணு பிடிச்சிருக்கு. ஆனா பையனுக்கு இப்ப நேரம் சரியில்லேன்னு ஜோசியர் சொல்லிட்டாக. அவளும் சரின்னா தையில வச்சுக்கிருவோம்" என்றார், கொஞ்சமும் கண் சிமிட்டாமல்.

எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. அதற்கப்புறந்தான் அவருடைய மகன் எப்படி இருக்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குச் சளியெல்லாம் இல்லை. மூக்கைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.