அம்மாவும் ஊருணித் தண்ணீரும்

எங்களைப் பெற்று வளர்த்த அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பாலவனத்தத்தில் விவசாயச் சம்சாரி வீட்டில் பிறந்து, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். வந்த மறுவருடமே ஊருணித் தண்ணீர் தன் சீரைக் கொடுத்துவிட்டது.

நரம்புச்சிலந்தி, குடிக்கிற தண்ணீரோடு உடம்புக்குள் போகிற புழு. காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் போலப் புழு தலை நீட்டும். ஈர்க்குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அம்மாவுக்கு அது பாதியில் அறுந்து, சீழ் பிடித்து, முழங்கால் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. பிறகு ஆயுசுக்கும் கம்பு ஊன்றித்தான் காட்டு வேலைக்குப் போனார்கள்.

அறுபதுகளில் சுகாதார ஊழியர் ஒருவர் வந்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். கேட்டது அம்மா ஒருவர்தான்.

"ஊருணியவே சலிச்சுக் குடிக்கிறா பாரு, மகாராணி!"

சொல்லிச் சிரித்தவர்கள், கொப்புளத்தின் எரிச்சல் தாங்காமல் அதே ஊருணியில் காலை நனைத்து, புழுக் குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, அங்கேயே குடத்தையும் மொண்டார்கள். இதற்குப் பெயர் அந்தக் காலத்து ஆரோக்கியம்!

பிறகு தெருவுக்கு அடிபம்பு வந்தது. "உப்புக் கரிச்சாக் கரிக்கட்டும், புழு இல்லைல்ல" என்று அம்மா அதையே குடித்தார்கள். படுக்கையில் விழுந்த பிறகு என் கையைப் பிடித்து, "செத்தாலும் என்னைய அந்த ஊருணித் தண்ணியில குளிப்பாட்டிராதீக" என்றார்கள்.

அம்மாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும் நேரத்தில், ஊருணிக்குத்தான் போகணும் என்று தாய்மாமா மறித்து நின்றார்.

"எந் தங்கச்சி அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இத்தன வருசம் இருந்தா. பம்புத் தண்ணியெல்லாம் ஒரு தண்ணியா? அந்தக் காலம் வருமா?"

மாமாவுக்கு அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை. வீட்டுக்குள்ளேயே குழாய். எங்கள் ஊருக்கு வந்தால் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் குடிப்பாரே தவிர, ஊருணித் தண்ணீர் ஒரு மடக்கு அவர் தொண்டையில் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. பழைய காலத்தை இப்படித் தூர நின்று மெச்சுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மாமா, அவுக காலைப் பாருங்க" என்று போர்த்தியிருந்த சேலையை விலக்கினேன். நீட்டிக் கிடத்தியும் அந்தக் கால் மட்டும் மடங்கியே இருந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் தம்பிமார் குடங்களோடு அடிபம்புக்கு நடந்தார்கள்.

அன்று பம்பு அடித்துக் குடம் நிரப்பிய அண்டை வீட்டாருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அம்மாவைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. அந்தக் காலமே பொற்காலம் என்று இன்னமும் சொல்லும் உறவினர்களையும் நாங்கள் மறக்கவில்லை. இன்றைய பந்தியில் அவர்களுக்கென்று ஊருணியிலிருந்து ஒரு குடம் மொண்டு தனியே வைத்திருக்கிறோம். வடிகட்டவில்லை.