கம்பி வேலிக் கேட்டில் தின்ற சோறு

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், தம்பின் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துப்பாக்கிக்காரர் ஒருவர் என்னை மறித்தபோது நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சுத்தப் பொய். துப்பாக்கி அவர் தோளில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுகிறார். தப்பு இருந்தால் அவருடையது, பொய் இருந்தால் என்னுடையது.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை, மரம் வெட்டு என்போம். கல்யாணமாகி நாலாவது வருடம் என் மனைவிக்கு நெஞ்சில் சீக்கு வந்து, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு வேலைக்காரனுக்குத்தான். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அவள் திரும்பி வந்து எங்கே படுப்பாள்? இது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் அவள் இரண்டு கேள்வி கேட்பாள்.

"வேலைக்கு ஒழுங்கா போறீங்களா?"

"போகாம? தோட்டமே என் தலையிலதான் ஓடுது."

"சாப்பிடுறீங்களா?"

"மூணு வேளையும் கறிச்சோறு. கொஞ்சம் மெலிஞ்சா தேவலன்னு இருக்கு."

அவள் என் கன்னத்து எலும்பைப் பார்ப்பாள். சிரிக்கப் போவாள், இருமல் வந்துவிடும். அதற்குப் பயந்து பாதி ஜோக்கை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போவேன்.

உண்மை என்னவென்றால், நான் தேய்ந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் எதையாவது பொங்கி, தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுவேன். விடிவதற்கு முன் எழுந்து ஒரு கோப்பை கடுங்காப்பி, அதோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடிப் பேர் கொடுத்துவிட்டு வேலைக்கு. முன்பெல்லாம் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் மரக்கிளையில் தொங்கவிட்டு, வெட்டு முடிந்ததும் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவசரகாலத்தில் அதற்கும் தடை வந்துவிட்டது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, வெளியே போகிறவர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு ரொட்டி, எதுவும் தாண்டக் கூடாது. பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்தால்தான் சோறு.

மற்றவர்கள் விடியற்காலையிலேயே நாலு வாய் விழுங்கிவிட்டு வருவார்கள். எனக்கு அந்த நேரத்தில் தொண்டையில் இறங்காது. அவர்களுக்கு மட்டும் இறங்குமா என்ன? விழுங்கச் சொல்லி அதட்டுவதற்கு வீட்டில் ஆள் இருந்தது.

இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். இரண்டாவது தடவை வாளிப் பால் முழுவதும் மண்ணுக்குப் போயிற்று. கங்காணி ஓடி வந்தார்.

"டேய், இன்னொரு தடவ விழுந்தே, ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணிகிட்ட சொல்லி உன் பேர வெட்டிருவேன். சீக்காளிய வெச்சிக்கிட்டு நான் என்னடா பண்றது?"

"விழலண்ணே. வேரு எப்படிப் போவுதுன்னு குனிஞ்சு பாத்தேன்."

கங்காணி சிரிக்கவில்லை.

கேட்டில் சோதனை போடுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர், ஐம்பது வயது, போலீஸ் உடுப்பில் பட்டன் பூட்ட முடியாத தொப்பை. துப்பாக்கி வார் தோளிலிருந்து நழுவும், அவர் இழுத்து விடுவார், மறுபடி நழுவும். நான் அவருக்குப் பூசணிக்காய் என்று பேர் வைத்து, சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அவர் நடையை நடந்து காட்டுவேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு விளக்குமாற்றைத் தோளில் மாட்டிக்கொண்டால் லயமே உருளும். சிரிக்கிறவர்கள் யாரும் "உன் பொண்டாட்டி எப்படி இருக்கா, நீ சாப்பிட்டியா" என்று கேட்க மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

மூன்றாவது தடவை விழக் கூடாது. அதற்கு வேலைக்காட்டில் வைத்து ஏதாவது தின்ன வேண்டும். ரொம்ப யோசித்து ஒரு திட்டம் போட்டேன். சோற்றை வாழை இலையில் பொட்டலமாகக் கட்டித் தலையில் வைத்து, அதன்மேல் தலைப்பாகை. புத்தி உள்ளவன் வெறும் சோறாகக் கட்டியிருப்பான். நான் கருவாட்டுக் குழம்பைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து கட்டினேன்.

வரிசையில் நின்றேன். பூசணிக்காய் என் இடுப்பைத் தடவினார், வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார், போ என்று தலையாட்டினார். ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"டாரா!" என்று கத்தினார். மலாயில் ரத்தம் என்று அர்த்தம்.

என் காதோரமாகச் சிவப்பாக ஏதோ வழிந்து கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் பதறிப்போய் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று குழந்தைக்குத் தொப்பி கழற்றுவதுபோல மெதுவாகத் தலைப்பாகையை அவிழ்த்தார். இலை பிரிந்தது. பாதிச் சோறு என் தோளில், கொஞ்சம் அவருடைய பூட்சில். கருவாட்டு வாசனை கேட் முழுக்க.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து டிவிஷனில் ஒருவன் மடியில் இரண்டு பிடி அரிசி வைத்திருந்ததற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது மாதம் கழித்து வந்து பார்த்தால் அவன் வீட்டில் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. பின்னால் கங்காணி "முடிஞ்சான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வெள்ளைக்காரப் போலீஸ் துரையின் ஜீப் வருகிற நேரம் வேறு. ரோட்டு வளைவில் சத்தமும் கேட்டது.

பூசணிக்காய் சோற்றைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாக்கான்" என்றார். "சினி. ஹாபிஸ்." தின்னு, இங்கேயே, மிச்சம் இருக்கக் கூடாது.

வேலிக்கு இந்தப் பக்கம் தின்றால் அது சாப்பாடு. அந்தப் பக்கம் போனால்தான் கேஸ். அவ்வளவு எளிமையான வழி என் மண்டைக்கு எட்டவே இல்லை. குந்த வைத்து உட்கார்ந்தேன். இறங்காத தொண்டையில் இரண்டு கையாலும் திணித்தேன். கண்ணீர் தானாக வந்தது. குழம்பில் காரம் அதிகம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

"இலையையும் திங்கணுமா பாக்?" என்று அவரை மலாயில் ஐயா போட்டுக் கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் இலையைப் பிடுங்கிச் சுருட்டித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பூட்சில் கிடந்த பருக்கையை மண்ணில் தேய்த்தார். ஜீப் வந்து நின்றது. துரை என்னவோ கேட்டார், இவர் என்னவோ சொன்னார், சல்யூட் அடித்தார். என் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டிருந்தன. ஜீப் போய்விட்டது.

பிறகுதான் அது நடந்தது. அவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, துப்பாக்கி வாரை இழுத்து விட்டுக்கொண்டு நாலு அடி நடந்தார். அச்சு அசலாக நான் குழாயடியில் நடக்கிற நடை. அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது!

"இப்போ தம்பி" என்றார்.

தோளைத் தொங்கப் போட்டார். ஒரு காலை இழுத்துக்கொண்டு கேட் தூணுக்குப் போனார். தூணில் நெற்றியை முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். ரொம்ப நேரம். பிறகு கையைத் தூக்கி மரம் வெட்டுகிற மாதிரி ஒரு இழுப்பு. அடுத்த தூணுக்குப் போனார். மறுபடி நெற்றி. ரோந்து போகும்போது என்னைப் பார்த்திருக்கிறார்.

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டான்.

"நான் அப்படியாண்ணே நடக்கிறேன்?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளையிலேருந்து கேட்டுக்குப் பக்கத்து நெரையில வெட்டு. முடியலன்னா வாயத் தெறந்து முடியலன்னு சொல்லித் தொலைடா."

அன்றிலிருந்து விடியற்காலையில் வீட்டில் தின்றுவிட்டுத்தான் கேட்டுக்கு வருவேன். "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்பார். ஆச்சு என்றால் நம்ப மாட்டார், வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பார். நான் மூன்றாவது தடவை விழவே இல்லை. மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்திருப்பதாகக் கிராணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கிராணி காகிதத்தைப் பிரித்து...

"என்னங்க! எத்தன தடவ கூப்பிடறது? சோறு ஆறிப்போச்சுலா! வாத்தியாரையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

அந்தக் குரல் கேட்டதா? என் மனைவிதான். சிரித்தால் இருமிய அதே நெஞ்சுதான், இப்போது மூன்று வீடு தாண்டிக் கேட்கிறது. காகிதத்தில் என்ன இருந்தது என்பதை அவளே சொல்லிவிட்டாள், நான் எழுந்து போகிறேன். அந்தத் தூணில் என் நெற்றியைப் பார்த்த நாளிலிருந்து, காலை இழுத்துக்கொண்டு நடக்கிற எவனைக் கண்டாலும், சாப்பிட்டாயா என்று கேட்காமல் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.