தாளில் இல்லாத திக்கல்

கூடப் படிக்கிறவர்களைச் சீண்டினால் என்ன ஆகும் என்று பாட்டும் ஆட்டமுமாக ஒரு நாடகம் போட்டார்கள் மகளின் பள்ளியில். ஏழாம் வகுப்பு படிக்கும் அவளுக்குச் சீண்டுகிறவள் வேஷம். சீண்டப்படுகிறவளாக அவள் வகுப்புப் பெண்ணே ஒருத்தி. அந்தப் பெண்ணுக்குப் பேசினால் திக்கும், பாடினால் திக்காது. அதனால்தான் டீச்சர் அவளைப் பாட வைத்தார்.

வசனமெல்லாம் இந்தி. எனக்கு இந்தி எழுத்து தகராறு, மகளுக்குத் தமிழ் எழுத்து தகராறு. அவள் வாசிக்க வாசிக்க நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். புனேயின் ஹிஞ்சவடி நெரிசலில் கம்பெனி வண்டி நின்ற நேரமெல்லாம் அந்தத் தாளைத்தான் படித்தேன். வீட்டில் நான் எதிர் வசனம் சொன்னால், என் உச்சரிப்புக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடம்.

பிம்ப்ரியில் ஓர் அரங்கில் காலையில் மாணவர்களுக்கு, மாலையில் பெற்றோருக்கு என்று இரண்டு காட்சி. நான் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட மேடை ஓரத்தில் நின்றேன்.

காலைக் காட்சியில், 'எங்களோடு விளையாட வராதே' என்ற இடத்தில் மகள் முதல் சொல்லிலேயே திக்கினாள். மறந்துவிட்டாளோ என்று அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். மறக்கவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு அந்தப் பெண் திக்குவதைப் போலவே திக்கிக் காட்டினாள். முடிப்பதற்குள் அவள் வகுப்பு வரிசை முழுவதும் சிரித்தது. முதல் தடவை பார்க்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த பாட்டு வரவேயில்லை.

திரைக்குப் பின்னால் மகளைப் பிடித்தேன்.

"மஸ்திதாம்மா, சும்மா விளையாட்டுக்கு. கிளாஸ்ல எல்லாரும் பண்றாங்க. டெய்லி."

கையை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. மாலையில் இவளை மேடை ஏற்றாதீர்கள் என்று டீச்சரிடம் என் ஓட்டை இந்தியில் மன்றாடினேன். எவ்வளவு இயல்பாக நடிக்கிறாள், அவளைப் போய் எடுப்பதா என்று அவர் என்னைத் தேற்றினார்! அப்போதே இவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகாதது என் தப்பு.

மாலைக் காட்சிக்கு அந்தப் பெண் வரவில்லை. கோரஸில் பாடிய ஒருத்தியை அவள் இடத்தில் நிறுத்தினார்கள். கடைசியில் மன்னிப்புப் பாட்டு. மகள் மண்டியிட்டு, யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியப் பாடினாள். பெற்றோர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கீழே இறங்கி வந்ததும், "வா, அவ வீட்டுக்குப் போய் ஸாரி கேட்டுட்டு வரலாம்" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் பாடிட்டேனே" என்றாள்.